பத்தாம் வகுப்பு முடிந்த கோடையில் எந்த ஆங்கிலப் புத்தகம்?

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ஏப்ரலில் முடிகிறது, பள்ளி ஜூனில் திறக்கிறது. காலண்டரைப் பார்த்தால் ஆறேழு வாரம் இருப்பதுபோலத் தெரியும். உண்மையில் அவ்வளவு கிடையாது. மே மாதத்தில் ரிசல்ட் வந்ததும் எந்த குரூப், எந்தப் பள்ளி என்று வீடே அலையத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு யாரும் கதைப்புத்தகத்தோடு உட்காரப் போவதில்லை. ஆக, கையில் இருப்பது நாலு வாரம், நாளுக்கு அரைமணி நேரம்.

மேல்நிலை வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுப்பவன் என்பதால் ஏப்ரல் வந்தால் என்னிடம் இந்தக் கேள்வி வரும்: "பிள்ளைக்கு இங்கிலீஷ் நல்லா வரணும் சார், லீவுல படிக்க என்ன புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம்?" கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலோடுதான் வருவார்கள். கலாமின் 'விங்ஸ் ஆஃப் ஃபயர்', ஹெமிங்வேயின் 'தி ஓல்ட் மேன் அண்ட் தி சீ', ஆர்வெல்லின் 'அனிமல் ஃபார்ம்', ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்', ஆர்.கே. நாராயணின் 'ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்', அப்புறம் ஷெர்லாக் ஹோம்ஸ். எல்லாமே நல்ல புத்தகங்கள்தான். ஆனால் கடைசிப் பக்கம் வரை போய்ச் சேராத நல்ல புத்தகத்தால், 'நமக்கு இங்கிலீஷ் புக் எல்லாம் ஒத்துவராது' என்ற நினைப்புதான் பிள்ளைக்கு மிஞ்சும். அதனால் நான் முதலில் பார்ப்பது, இந்தப் பிள்ளை இதை முடிக்குமா என்பதை.

கொஞ்சம் கணக்குப் போடலாம். பாடப்புத்தகத்தைத் தவிர வேறு ஆங்கிலம் படித்துப் பழகாத பிள்ளை நிமிடத்துக்கு நூறு வார்த்தை படிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரைமணிக்கு 3,000 வார்த்தை. கல்யாணம், ஊர்த் திருவிழா, கிரிக்கெட் என்று போகும் நாட்களைக் கழித்தால் நாலு வாரத்தில் 70,000 வார்த்தைதான் உச்சவரம்பு. 'மாக்கிங்பேர்ட்' ஏறக்குறைய ஒரு லட்சம் வார்த்தை, 31 அத்தியாயம். அமெரிக்கப் பள்ளிகளில் பல ஆண்டுகளாகப் பாடமாக இருக்கும் நாவல், 1961இல் புலிட்சர் பரிசு பெற்றது, எனக்கும் பிடித்தது. ஆனாலும் இந்தக் கோடைக்கு வேண்டாம். அலபாமா மாநிலத்துச் சிற்றூரின் பேச்சுமொழி காதில் ஏறவே நம் பிள்ளைக்கு ஐம்பது பக்கம் பிடிக்கும். கதையின் நெஞ்சான நீதிமன்ற வழக்கு புத்தகத்தின் பாதியில்தான் சூடு பிடிக்கும். அதற்குள் மே முடிந்துவிடும். ப்ளஸ் டூ முடித்துவிட்டு கவுன்சிலிங்குக்குக் காத்திருக்கும் மாதங்கள் இந்த நாவலுக்குச் சரியான காலம்.

நீளத்துக்கு அடுத்தது தெரியாத வார்த்தை. பால் நேஷன் போன்ற சொல்வள ஆய்வாளர்கள் ஒரு கணக்கு சொல்கிறார்கள்: யார் துணையும் இல்லாமல் ஒரு கதையைப் படித்துப் புரிந்துகொள்ள நூற்றுக்குச் சுமார் 98 வார்த்தை தெரிந்திருக்க வேண்டும். சாதாரண நாவலில் ஒரு பக்கத்துக்கு 300 வார்த்தை என்றால் ஆறு வார்த்தை வரை தெரியாமல் இருக்கலாம். கடையிலேயே, நூலகத்திலேயே இதைச் சோதிக்கலாம். புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்துப் பிள்ளையிடம் கொடுங்கள், தெரியாத வார்த்தைக்கு ஒரு விரல் மடக்கச் சொல்லுங்கள். முதல் பக்கத்தில் வேண்டாம், முதல் பக்கம் ஏமாற்றும்.

இந்த இரண்டும் போதும் என்றால் பதில் சுலபம், 'தி ஓல்ட் மேன் அண்ட் தி சீ'தான். 27,000 வார்த்தை, சின்னச் சின்ன வாக்கியம். 1952இல் 'லைஃப்' பத்திரிகை இந்தக் கதை முழுவதையும் ஒரே இதழில் வெளியிட்டபோது இரண்டே நாளில் ஐம்பது லட்சம் பிரதிக்கு மேல் விற்றது. சாதாரண வாசகன் ஒரே மூச்சில் படிக்கக்கூடிய எழுத்து என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் நம் வகுப்பறைகளில் இந்தப் புத்தகத்தைப் பாதியில் போட்டவர்கள்தான் அதிகம். காரணம் வார்த்தை இல்லை. 84 நாள் மீன் கிடைக்காத கிழவர் தனியாகக் கடலுக்குப் போகிறார், ஒரு பெரிய மீன் தூண்டிலில் மாட்டுகிறது. அங்கிருந்து நூறு பக்கம் போல அவரும் மீனும் கடலும்தான். நடப்பதெல்லாம் கயிற்றிலும் கையிலும் அவர் மனதிலும். நடுநடுவே அமெரிக்க பேஸ்பால் வேறு. கிளீவ்லாண்ட் நகரத்து 'இந்தியன்ஸ்' அணியைப் பற்றிக் கிழவரின் தோழனான சிறுவன் கவலைப்படும் இடத்தில், இந்தியர்கள் எங்கே வந்தார்கள் என்று குழம்பும் பிள்ளைகள் உண்டு. அத்தியாயப் பிரிவும் கிடையாது. நாளுக்கு அரைமணி படிக்கிறவருக்கு எங்கே நிறுத்துவது, மறுநாள் எங்கே தொடங்குவது என்று பிடிபடாது.

ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும். ராமேஸ்வரம், நாகப்பட்டினம், குளச்சல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதே புத்தகம் வேறு மாதிரி. கைக்கயிற்றை விரலால் பிடித்துக்கொண்டே மீனின் அசைவை உணர்வது, வலிக்கும் கையை மாற்றிக்கொள்வது, சுறா வந்து கடித்துப் போவது எல்லாம் அவர்கள் வீட்டுப் பேச்சு. தெரியாத சொல்லைக் கதையின் போக்கிலேயே பிடித்துவிடுவார்கள். அப்பா மீன்பிடிக்கப் போகிறவர் என்றால், என் ஓட்டு இந்தப் புத்தகத்துக்குத்தான்.

அதனால்தான் நீளம், வார்த்தை இரண்டோடு மூன்றாவதாக ஒன்றையும் கணக்கில் சேர்க்கிறேன்: கதை நடக்கும் உலகம் பிள்ளைக்கு எவ்வளவு பழக்கம்? பழகிய உலகத்தில் பக்கத்துக்குப் பத்து வார்த்தை தெரியாமல் இருந்தாலும் ஓட்டிவிடலாம். பழகாத உலகத்தில் நாலு வார்த்தை தெரியாவிட்டாலும் தடுக்கி விழ வேண்டியதுதான்.

'விங்ஸ் ஆஃப் ஃபயர்' இந்த மூன்றாவது அளவுகோலில் முதல் பாதி தேறி மறுபாதியில் தவறும் புத்தகம். 1999இல் அருண் திவாரியுடன் சேர்ந்து கலாம் எழுதியது. ராமேஸ்வரத்துத் தெரு, புளியங்கொட்டை பொறுக்கி விற்ற சிறுவன், ஓடும் ரயிலிலிருந்து வீசப்படும் செய்தித்தாள் கட்டுகள் என்று தொடக்கப் பகுதியைப் பிள்ளைகள் ஆசையோடு படிப்பார்கள். ஏவுகலன் வேலைகள் வந்ததும் எரிபொருள், மோட்டார், நிறுவனப் பெயர்கள், குழுக் கூட்டங்கள் என்று அடர்ந்துவிடும். பரிசளிப்பு விழாக்களில் மிக அதிகமாகக் கொடுக்கப்படும் ஆங்கிலப் புத்தகம் இதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். எத்தனை பிரதிகளில் கடைசிப் பக்கம் புரட்டப்பட்டது என்பது வேறு கேள்வி. ராக்கெட் பைத்தியம் பிடித்த பிள்ளைக்கு வாங்கிக் கொடுங்கள். மற்றவர்களுக்கு முதல் ஐந்தாறு அத்தியாயம் மட்டும் போதும், குற்றமில்லை.

இனி எனக்குப் பிடித்த போட்டி. 'அனிமல் ஃபார்ம்' ஒரு பக்கம், 'ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' மறுபக்கம்.

'அனிமல் ஃபார்ம்' 1945இல் வந்தது. 30,000 வார்த்தை, பத்தே அத்தியாயம். நாளுக்கு ஒன்று என்றால் பத்து நாளில் முடியும். ஆர்வெல் பீகாரில் மோதிஹாரியில் பிறந்தவர். ப்ளஸ் டூ பாடநூலில் தேநீர் போடுவது எப்படி என்று அவர் எழுதிய கட்டுரை இருப்பதால், இரண்டு வருடம் கழித்து எப்படியும் அவரைச் சந்தித்தே ஆக வேண்டும். கதை இதுதான்: குடிகார முதலாளியை விரட்டிவிட்டு மிருகங்களே பண்ணையை நடத்துகின்றன, பன்றிகள் தலைமை ஏற்கின்றன. ஏழு சட்டங்களைச் சுவரில் வெள்ளை எழுத்தில் எழுதி வைக்கின்றன. பிறகு தலைவர்கள் ஒவ்வொரு சட்டத்தையும் மீறும்போது, சுவரில் இருக்கும் வாக்கியத்தின் வாலில் ஒன்றிரண்டு வார்த்தை முளைத்திருக்கும். எந்த மிருகமும் கட்டிலில் தூங்கக் கூடாது என்பதோடு விரிப்புப் போட்ட கட்டில் என்று சேரும். கொல்லக் கூடாது என்பதோடு காரணமில்லாமல் என்று சேரும். ஆங்கில வாக்கியத்தின் கடைசியில் ஒட்டும் சின்னத் துண்டு முழு அர்த்தத்தையும் எப்படிப் புரட்டும் என்று வகுப்பில் ஒரு மணி நேரம் நான் விளக்குவதை இந்தச் சுவர் ஒரு நொடியில் காட்டிவிடுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கதையில் ஏமாறுவது யார் என்று பார்த்தால், படிக்கத் தெரியாத மிருகங்கள்தான். உழைப்பாளிக் குதிரை பாக்ஸர் ஆங்கில எழுத்தில் நாலாவதைத் தாண்டவில்லை. க்ளோவர் என்ற பெண்குதிரைக்கு எழுத்து தெரியும், சேர்த்துப் படிக்க வராது. சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் ஆட்டிடம் போய்க் கேட்க வேண்டும். ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு வண்டி வரும். எல்லா மிருகங்களும் கையசைத்து வழியனுப்பிக்கொண்டிருக்கும்போது, அந்த வண்டியின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைக் கழுதை உரக்கப் படிக்கும். அது என்ன என்று நான் சொல்லப் போவதில்லை. ஆங்கிலம் சேர்த்துப் படிக்கத் தடுமாறும் பிள்ளைகள் இந்த இடத்தில் உறைந்து போவதைப் பார்த்திருக்கிறேன். கோஷம், போஸ்டர், தலைவர் படம், கட்சி பிளவுபடுவது எல்லாம் நம் ஊர்ப் பிள்ளைக்குப் பழகிய உலகம் என்பதால், கதைக்குப் பின்னால் இருக்கும் ரஷ்யப் புரட்சி தெரியாமலேயே முக்கால்வாசி புரிந்துவிடும். ஸ்டாலின், டிராட்ஸ்கி விவரமெல்லாம் படித்து முடித்த பிறகு சொல்லுங்கள். முன்னாலேயே சொன்னால் கதை கைடு ஆகிவிடும்.

குறை என்ன? சிரிப்பு குறைவு, கசப்பு அதிகம். நெஞ்சு இளகிய பிள்ளைகள் பாக்ஸருக்காக இரண்டு நாள் முகம் வாடி இருப்பார்கள். ஐந்தாறு அத்தியாயத்துக்குப் பிறகு கூட்டம், பேச்சு, புள்ளிவிவரம் என்று கொஞ்சம் வறட்சியும் உண்டு.

'ஸ்வாமி' இதற்கு நேரெதிர். ஒரு திங்கட்கிழமைக் காலையில் பள்ளிக்கூடம் போகப் பிடிக்காத பையனோடு தொடங்குகிறது. அதைவிடப் பழகிய உலகம் எந்தப் பிள்ளைக்கும் இருக்க முடியாது. 1935இல் ஆங்கில எழுத்தாளர் கிரஹாம் கிரீன் முயற்சியால் லண்டனில் அச்சான, நாராயணின் முதல் நாவல். நாராயண் சென்னைப் புரசைவாக்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தவர். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்று, ஒரு வருடம் வீட்டில் இருந்தபடி படித்தும் எழுதியும் கழித்தவர் (ரிசல்டுக்குப் பயந்து கிடக்கும் பிள்ளையிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள்). இருநூறு பக்கத்துக்குள் முடிந்துவிடும், 19 சின்ன அத்தியாயம், ஒவ்வொன்றும் தனிக்கதை போலவும் நிற்கும்.

கோடை விடுமுறையில் அப்பா மகனை உட்காரவைத்துக் கணக்குப் போடச் சொல்லும் அத்தியாயத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. ராமனிடம் பத்து மாம்பழம், பதினைந்து அணா சம்பாதிக்க வேண்டும், கிருஷ்ணனுக்கு நாலே நாலு வேண்டும், அவன் எவ்வளவு கொடுக்க வேண்டும்? ஸ்வாமிக்கு ஒரே ஒரு சந்தேகம்: அந்த மாம்பழம் பழுத்ததா இல்லையா? லீவில் பிள்ளையைப் பிடித்து உட்காரவைத்திருக்கும் நாமும் அந்த அப்பாதானே என்று நினைத்தால் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருக்கும். அப்புறம் கிரிக்கெட் டீம் ஆரம்பித்துவிட்டு, பேட்டும் பந்தும் அனுப்பச் சொல்லி மெட்ராஸ் மவுண்ட் ரோட்டுக் கடைக்குப் பையன்கள் எழுதும் கடிதம். பரீட்சையில் வரும் கடிதக் கேள்விக்கு மனப்பாடம் செய்தே பழகிய பிள்ளை, அந்தக் கடிதத்தில் என்னென்ன தப்பு என்று தானாகவே கண்டுபிடித்துச் சிரிக்கும்.

இதிலும் குறை உண்டு. ஸ்வாமிக்குப் பத்து வயது போலத்தான். பதினைந்து வயதுப் பையன் சிலர், குறிப்பாக மீசை அரும்பியவர்கள், இது சின்னப் பசங்க கதை என்று முதலிலேயே தள்ளிவிடுவார்கள். கிறிஸ்தவப் பாட ஆசிரியர் இந்து தெய்வங்களைக் கேலி செய்யும் இடமும் அதற்கு அப்பா எழுதும் கடிதமும் முதல் அத்தியாயத்திலேயே வருகின்றன. அது 1930ஆம் ஆண்டு வாக்கிலான மிஷன் பள்ளிக்கூடம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். நாராயண் இன்னும் பதிப்புரிமைக்குள் இருப்பவர் என்பதால் விலையும் சற்றுக் கூடுதல். ஆர்வெல் 1950இல் இறந்தவர், நம் சட்டப்படி அறுபது ஆண்டு கழிந்து உரிமை முடிந்துவிட்டது, பல பதிப்பகங்கள் மலிவாகவே போடுகின்றன. மலிவுப் பதிப்பு வாங்கும்போது நாலு பக்கம் புரட்டிப் பாருங்கள். அச்சுப்பிழை மலிந்த பதிப்பு ஆங்கிலம் கற்கும் பிள்ளைக்கு ஆகாது.

என் தீர்ப்பு இப்படி. இதுவரை ஒரு ஆங்கிலக் கதைப்புத்தகமும் முழுதாக முடிக்காத பிள்ளைக்கு 'ஸ்வாமி'. ஒன்றாவது முடித்திருந்தால், அல்லது செய்தித்தாள் படிக்கும் பழக்கம் இருந்தால், 'அனிமல் ஃபார்ம்'. இரண்டையும் வாங்கிக் கொடுத்துவிட்டு எது வேண்டுமோ படி என்று விடாதீர்கள். இரண்டும் மேசையிலேயே இருக்கும்.

தமிழ்வழியில் படித்துவிட்டு ப்ளஸ் ஒன்னில் ஆங்கிலவழிக்கு மாறப் போகும் பிள்ளைக்கு இந்த இரண்டுமே கனமாக இருக்கலாம். அவர்களுக்குத் தரம் பிரித்த வாசிப்பு நூல்கள் இருக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்ட் புக்வார்ம்ஸ் வரிசையில் முதல் நிலை 400 அடிப்படைச் சொற்களுக்குள் எழுதப்பட்டது, மூன்றாம் நிலை 1,000, நான்காம் நிலை 1,400, ஆறாம் நிலை 2,500. இரண்டாம் நிலையில் தொடங்கி மே முடிவதற்குள் நான்காம் நிலைக்கு ஏறுவது நடக்கக்கூடிய காரியம். சுருக்கிய புத்தகம் புத்தகமே இல்லை என்று முகம் சுளிக்கும் ஆங்கில ஆசிரியர்கள் உண்டு. எனக்கு அந்தக் கூச்சம் கிடையாது. ஒரே கோடையில் நாலு புத்தகம் முடித்த தெம்பு சின்ன விஷயமா? ஆனால் யாரோ மனம்போன போக்கில் வெட்டிச் சுருக்கிய, எந்தச் சொல்லளவும் குறிப்பிடாத 'கிளாசிக்' பதிப்புகளைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் கதை மெலிந்திருக்கும், வார்த்தை மட்டும் பழைய கடினத்தோடு அப்படியே இருக்கும்.

தமிழ் மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்பார்கள். தாராளமாக. 'அனிமல் ஃபார்ம்' எழுத்தாளர் க.நா.சு.வின் தமிழில் 'விலங்குப் பண்ணை'யாக வந்திருக்கிறது. தடுமாறும் பிள்ளை ஒரு அத்தியாயத்தை முதலில் தமிழில் படித்துவிட்டு, அதையே ஆங்கிலத்தில் படிக்கட்டும். கதை தெரிந்துவிட்டால் கவனம் முழுவதும் வாக்கியத்தின் மேல் போகும். மூன்று நாலு அத்தியாயத்துக்குப் பிறகு அவர்களே தமிழை மூடிவிடுவார்கள், அடுத்து என்ன ஆகிறது என்று பார்க்கும் அவசரம் வந்திருக்கும்.

ஹாரி பாட்டர் கேட்கும் பிள்ளைக்கு ஹாரி பாட்டரே கொடுங்கள். முதல் பாகம் 77,000 வார்த்தை, என் உச்சவரம்பைக் கொஞ்சம் தாண்டுகிறது. ஆனால் படத்தைப் பத்துத் தடவை பார்த்த பிள்ளைக்கு அந்த உலகம் சொந்த ஊர் மாதிரி.

வார்த்தைக்குப் பொருள் பார்க்க மொபைலைக் கொடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை, காரணத்தை விளக்கத் தேவையில்லை. பென்சிலால் கோடு போட்டுவிட்டுப் படித்துக்கொண்டே போகட்டும், அத்தியாயம் முடிந்ததும் கோடு போட்டதில் ஐந்தை மட்டும் அகராதியில் பார்த்தால் போதும். நூலகப் பிரதி என்றால் கோட்டுக்குப் பதில் ஒரு துண்டுச் சீட்டு. மாவட்ட மைய நூலகங்களில் நான் சொன்ன பழைய பெயர்கள் பெரும்பாலும் கிடைக்கும். சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் பக்கத்தில் இருப்பவர்கள், வாங்குவதற்கு முன் பிள்ளையை ஒருநாள் அங்கே கூட்டிப்போய் விரல் மடக்கும் சோதனையை நடத்திப் பார்க்கலாம்.

இத்தனைக்கும் பிறகு மே முதல் வாரத்தில் புத்தகம் இருபதாம் பக்கத்திலேயே கவிழ்ந்து கிடந்தால் திட்டாதீர்கள், மாற்றிக் கொடுங்கள். அந்த நேரத்துக்கு ஷெர்லாக் ஹோம்ஸ் சரியான கை. பத்தாம் வகுப்புத் துணைப்பாடத்தில் 'தி டையிங் டிடெக்டிவ்' படித்திருப்பதால் ஆள் புதிதில்லை. 1892இல் வந்த முதல் தொகுப்பில் பன்னிரண்டு கதை, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நாள் வேலை. பழைய லண்டனின் குதிரை வண்டியும் விளக்கும் வார்த்தைச் சோதனையில் நிச்சயம் தோற்கும், ஆனால் யார் செய்தது என்று தெரிந்துகொள்ளும் அரிப்பு அதையெல்லாம் தாண்டவைத்துவிடும். காசும் வேண்டாம், புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, நாலு கதையை மட்டும் அச்செடுத்துக் கொடுக்கலாம். 'தி ரெட்-ஹெடட் லீக்'கில் தொடங்கச் சொல்லுங்கள். சிவந்த தலைமுடி இருக்கிறது என்ற ஒரே தகுதிக்காக ஒருவருக்கு வாரம் நாலு பவுண்டு சம்பளம் கிடைக்கும், வேலை என்னவென்றால் உட்கார்ந்து என்சைக்ளோபீடியாவைப் பார்த்து எழுதுவது. இம்போசிஷன் எழுதிய அனுபவம் உள்ள எந்தப் பிள்ளையும், இதற்கு எவனாவது காசு கொடுப்பானா என்று சந்தேகப்பட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பும்.